‘ராம்ப் இருக்கு சார்’: இரண்டு நாள் மாற்றுத்திறனாளிகள் மாநாடு எப்படி இருந்தது?

சென்னையில் ஒரு தனியார் அரங்கில் இரண்டு நாள் நடந்த மாற்றுத்திறனாளிகள் துறை மாநாட்டைப் பற்றிய மதிப்புரை இது. தொண்டு நிறுவனங்கள், சிறப்பாசிரியர்கள், மறுவாழ்வுப் பணியாளர்கள், பெற்றோர் சங்கங்கள், அரசு அலுவலர்கள் என எல்லாத் தரப்பும் கூடும் கூட்டம். ஏற்பாட்டாளர் பெயரும் அரங்கின் பெயரும் இங்கே வேண்டாம். சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த ஊரில் நடக்கும் எந்த மாநாட்டுக்கும் பொருந்தும்.

மதிப்பெண் முதலிலேயே: அமர்வுகளுக்கு ஐந்துக்கு நாலரை. அரங்குக்கு இரண்டு. தகவல் அணுகலுக்கு ஒன்றரை. சாப்பாட்டுக்கு முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் நான்கு. அந்த ஒன்று ஒரே இரவில் நான்கானது எப்படி என்பதுதான் இந்த மாநாட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம். அதைப் பிறகு பார்ப்போம்.

பணம் செலவழிக்காததால் வந்த குறை என்று எதையும் சொல்ல முடியாது. மேடையேறச் சாய்தளமாக ராம்ப் போட்டிருந்தார்கள், சைகைமொழி பெயர்ப்பாளர்கள் வந்திருந்தார்கள், பிரெயிலில் நிகழ்ச்சி நிரல் இருந்தது, திரையில் எழுத்து ஓடியது, அமைதி அறை என்று ஓர் அறைக்குப் பெயர்ப்பலகைகூட மாட்டியிருந்தார்கள். கோளாறு இரண்டே இரண்டு. அரங்கை முன்பே போய் யாரும் நாடா வைத்து அளக்கவில்லை. பேச்சாளர்களிடம் ஸ்லைடுகளை முன்பே யாரும் கேட்டு வாங்கவில்லை. மற்ற குறைகளில் முக்கால்வாசி இந்த இரண்டின் பிள்ளைகள்.

முதலில் நாடா. மேடை இரண்டரை அடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில்தான் ராம்ப் போட வேண்டும் என்பது துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். மத்திய அரசின் 2021 ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. கணக்குப் போட்டால் இரண்டரை அடி மேடைக்கு முப்பது அடி ராம்ப் வேண்டும். அங்கே சாய்த்து வைத்திருந்தது ஒரே ஒரு பிளைவுட் பலகை, எட்டடி நீளம். அதாவது மூன்றடிக்கு ஓரடி ஏற்றம். இந்தச் சரிவில் கைச்சக்கர நாற்காலியைத் தானாகத் தள்ளி ஏற முடியாது. தள்ளினால் முன்சக்கரம் மேலெழும்பி நாற்காலி பின்னால் கவிழும். பேச்சாளர் ஒருவரைத் தன்னார்வலர்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் மேடையேற்றினார்கள். கைதட்டல் கிடைத்தது, அது வேறு கொடுமை.

பலகை மேல் சிவப்புக் கம்பளம் வேறு. மேல் முனையில் மட்டும் ஸ்டேப்ளர் அடித்து, கீழே சும்மா விட்டிருந்தார்கள். நாலைந்து பேர் ஏறி இறங்கியதும் நடுவில் மடிப்பு விழுந்தது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. அந்த மடிப்பில் போய் முட்டி நின்றுவிடும். ராம்ப் மேல் கம்பளமே வேண்டாம். அழகு கெடுகிறது என்று டெக்கரேஷன்காரர் வருத்தப்பட்டால், வழுக்காத ரப்பர் விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் பட்டை அடிக்கச் சொல்லலாம். இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் தடுக்கும் கட்டையும், இருபுறமும் கைப்பிடியும் இல்லாத எதையும் ராம்ப் என்று ரசீதில் எழுதக் கூடாது.

முப்பது அடி ராம்ப் வைக்க அரங்கில் இடம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் ராம்பில் இல்லை, மேடையில் இருக்கிறது. பந்தல்காரர்களிடம் ஓரடி உயர மேடைச் சட்டமும் உண்டு. அதற்குப் பன்னிரண்டு அடி ராம்ப் போதும். பின்னால் பெரிய எல்இடி திரை வைத்துப் பேச்சாளர் முகத்தைக் காட்டும்போது இரண்டரை அடி மேடை எதற்கு? குழு விவாதத்துக்கு மேடையே வேண்டாம், தரையில் நாற்காலி போட்டுப் பேசலாம். உயரமான மேடைதான் வேண்டும் என்றால் ராம்பை நடுவில் மடக்கி, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, ‘ப’ வடிவில் போட வேண்டும். மேலே ஏறிய பிறகும் நாற்காலி திரும்ப அதே ஐந்தடி காலியிடம் வேண்டும். இங்கே ராம்ப் முடிந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் சோபா.

அரங்கக் கதவு இன்னும் எளிய விஷயம். நான்கடி அகல இரட்டைக் கதவு. ஒரு பக்கத்தை மேலும் கீழும் தாழ் போட்டு, மற்றொன்றை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள், ஏசி வெளியே போகாமல் இருக்க. இரண்டடி இடைவெளி. சாதாரண நாற்காலியே இருபத்தைந்து, இருபத்தாறு அங்குலம் அகலம். கை விரல்களுக்கு இடம் சேர்த்தால் மூன்றடி வேண்டும். நுழைவாயிலில் மாட்டிக்கொண்டவர்களைக் ‘கொஞ்சம் சாய்ச்சு வாங்க’ என்று வழிகாட்டினார்கள். முதல் நாள் மதியம் சொன்னதும் மறுபக்கத் தாழையும் நீக்கிவிட்டார்கள். அதற்கு ஆன செலவு பூஜ்யம், ஆன நேரம் அரை நிமிடம்.

கழிப்பறை பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, அதனால்தான் அது திருந்துவதும் இல்லை. தரைத்தளத்தில் ஒன்றே ஒன்று. கதவில் புத்தம்புதிய நீலப் பலகை. திறந்தால் மாப், வாளி, பினாயில் கேன், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றை எடுத்த பிறகு தெரிந்த உண்மையான பிழைகள்: கதவு உள்பக்கம் திறக்கிறது, ஆகவே நாற்காலி உள்ளே போனபின் மூட முடியாது. சுவர்ப் பக்கக் கைப்பிடி சரி. ஆனால் மறுபக்கம் மடக்கித் தூக்கும் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தரையில் கான்கிரீட் போட்டு நிலையான கம்பியை ஊன்றிவிட்டார்கள். நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி நகர்ந்து உட்காரும் வழியையே அந்தக் கம்பி அடைக்கிறது. உதவிக்காக வைத்த கம்பிதான் தடை! அவசர பொத்தான் ஐந்தடி உயரத்தில் இருந்தது. அது தேவைப்படுபவர் அந்த நேரத்தில் தரையில் விழுந்து கிடப்பார். தண்ணீர்க் குழாய் உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால்.

இன்னொன்று, நேரம். முதுகுத்தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் கத்தீட்டர் என்ற குழாய் போட்டு சிறுநீர் வெளியேற்ற பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பொருளை வைக்கச் சுத்தமான ஒரு தட்டும் வேண்டும். ஒரு கழிப்பறை, பத்துக்கு மேல் சக்கர நாற்காலிகள், பதினைந்து நிமிடத் தேநீர் இடைவேளை. மணி அடித்தபோது வரிசையில் பாதிப் பேர் அங்கேயே நின்றார்கள். பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டார்கள், அதனால் வரும் சிறுநீர்த் தொற்று மாநாட்டுக் கணக்கில் சேராது. இடைவேளையை அரை மணி ஆக்குவது, அல்லது இரண்டாவது கழிப்பறை உள்ள அரங்கைப் பிடிப்பது, இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும்.

இனி ஸ்லைடு. இதுதான் பெரிய விஷயம்.

பேச்சாளர்கள் தங்கள் ஸ்லைடுகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து, மேடையேறும்போது கணினிக்காரரிடம் கொடுத்தார்கள். வழக்கமான மாநாடு என்றால் பாதகமில்லை. இங்கே அந்தக் கோப்புக்காகப் பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள்: சைகைமொழி பெயர்ப்பாளர், பேச்சை எழுத்தாகக் காட்டும் திரையெழுத்தைப் பார்த்துக்கொள்பவர், பிரெயில் அச்சகம், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வைத்திருக்கும் பார்வையற்ற பங்கேற்பாளர். பத்து நாள் முன்னால் ஒரே ஒரு மின்னஞ்சலில் வந்திருந்தால் நாலு பேர் வேலையும் உருப்பட்டிருக்கும்.

பெயர்ப்பாளர்கள் திறமையானவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வந்தது இரண்டு பேர். காலையில் ஒரே அரங்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்தார்கள், அதுதான் முறை. ஓய்வில் இருப்பவர் உண்மையில் ஓய்வில் இல்லை, எதிரே உட்கார்ந்து விட்டுப்போன சொல்லை எடுத்துக்கொடுப்பார். மதியம் இணை அமர்வுகள், இரண்டு அரங்கு. ஆளுக்கொரு அரங்காகப் பிரிந்து ஒன்றரை மணி நேரம் தனியாக நின்றார்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் போனால் களைப்பது கை மட்டுமல்ல, மூளையும்தான். வாக்கியங்கள் சுருங்கும், எண்கள் விழுந்துவிடும். இணை அமர்வு என்றால் நாலு பேர் வேண்டும். பட்ஜெட் இல்லை என்றால் இணை அமர்வை விட்டுவிடலாம்.

இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 2021-இலேயே பத்தாயிரம் சொற்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் திட்டப் பெயர்களும் சுருக்கெழுத்துகளும் விரலால் எழுத்துக்கூட்டித்தான் வரும். ‘நிரமயா’ என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் ஒரு பேச்சில் முப்பது தடவை வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால், காலையில் காது கேளாத பங்கேற்பாளர்களோடு சேர்ந்து அதற்கொரு சைகையை ஒப்புக்கொண்டிருப்பார்கள். தெரியாததால் முப்பது தடவையும் எழுத்துக்கூட்டினார்கள்.

வெளிச்சமும் சொதப்பல். குறும்படம் போடும்போது அரங்க விளக்கை முழுக்க அணைத்தார்கள். படத்தில் குரல் ஓடுகிறது, பெயர்ப்பாளர் இருட்டில் கை அசைக்கிறார். அவர் மேல் விழும்படி ஸ்டாண்டில் ஒரு தனி விளக்கு போதும். அவர் நின்ற பக்கத்து முன்வரிசைகள் காது கேளாதோருக்கு ஒதுக்கப்பட வேண்டியவை. அங்கே வெள்ளை உறை போட்ட விஐபி இருக்கைகள். விஐபிகள் குத்துவிளக்கு ஏற்றியதும் கிளம்பிவிட்டார்கள், இருக்கைகள் மாலைவரை காலியாகவே கிடந்தன, யாரும் உட்காரத் துணியவில்லை. நேரலை எடுத்த கேமராக்காரர் பேச்சாளர் முகத்துக்கு ஜூம் போகும்போதெல்லாம் பெயர்ப்பாளர் சட்டகத்துக்கு வெளியே. காது கேளாத ஒருவர் மேடையில் சைகையில் பேசியபோது அதைக் குரலாக்கும் பெயர்ப்பாளருக்கு முன்வரிசையில் நாற்காலியும் மைக்கும் வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் தொகுப்பாளரின் மைக்கைப் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

திரையெழுத்தைத் தானியங்கி மென்பொருளுக்கு விட்டிருந்தார்கள். நம் ஆட்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார்கள். மொழியைத் தமிழ் என்று வைத்தால் ஆங்கிலச் சொற்கள் சிதையும், ஆங்கிலம் என்று வைத்தால் தமிழ் சிதையும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான ‘யூடிஐடி அட்டை’ திரையில் ‘ஊதி அடி அட்டை’ ஆனது. ‘லோக்கல் லெவல் கமிட்டி’ ‘லோகம் எல்லாம் கமிட்டி’ ஆனது. அரங்கில் சிரிப்பு எழுந்தது; திரையை மட்டுமே நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வேகமாகத் தமிழ்த் தட்டச்சு செய்யும் இரண்டு பேர், கையில் பெயர்ப் பட்டியலும் ஸ்லைடும், மாறி மாறி அடித்தால் இதைவிடப் பல மடங்கு நன்றாக வரும். எழுத்தைத் திரையின் அடியில் ஓட்டியதும் தவறு. முன்வரிசைத் தலைகள் மறைக்கும்; மேலே ஓட்ட வேண்டும்.

பார்வையற்றோருக்கு ‘சாஃப்ட் காப்பி அனுப்பிட்டோம்’ என்றார்கள். அனுப்பியிருந்தார்கள்தான். அழைப்பிதழ், வாட்ஸாப்பில் படமாக. நிகழ்ச்சி நிரல், அச்சுத் தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். மிச்சமிருந்த கட்டுரைத் தொகுப்பு மட்டும் எழுத்தாக இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில். பாமினியில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அதை ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று வாசிக்கும். நாற்பது பக்கத்தையும் இப்படியே வாசிக்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010-இல். டிடிபி கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

சோதிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பழைய எழுத்துரு. எதுவுமே நகலாகவில்லை என்றால் அது படம். பழைய எழுத்துருவை மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசைகளையும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அங்கேதான் உடையும்.

பிரெயில் நிரலைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பாவம், உழைத்திருக்கிறார்கள். ஆனால் நிரல் முந்தின நாள் இரவு மாறிவிட்டது, பிரெயிலில் பழைய நேரம். தவிர, பிரதிகளைக் கயிறு போட்டு இறுகக் கட்டி, அதன் மேல் நினைவுப்பரிசுப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அடியில் இருந்த பிரதிகளில் புள்ளிகள் நசுங்கி, தடவினால் வழவழவென்று இருந்தன. பிரெயில் தாளை நிற்க வைக்க வேண்டும், மேலே பாரம் கூடாது. எங்கள் கருத்து, கேட்டவர்களுக்கு மட்டும் ஐந்தாறு பிரதி அச்சிட்டுவிட்டு, மாறும் நேரங்களை வாட்ஸாப்பில் வெறும் எழுத்துச் செய்தியாக அனுப்பினால் பெரும்பாலோருக்கு அதுவே வசதி. அரங்க வாசலில் ஸ்டாண்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு பார்வையற்றவருக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மைக். ‘எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்’ என்று இரண்டு நாளில் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் குரல் அரங்குக்குப் போதும் ஐயா. காது கேட்கும் கருவிக்கு ஒலியை நேரே அனுப்பும் லூப் அமைப்புக்கும், திரையெழுத்துக்கும், நேரலைக்கும் போகும் ஒலி மைக் வழியாகத்தான் போகிறது. மைக்கைக் கீழே வைத்தால் அத்தனையும் ஒரே நொடியில் செத்துவிடும். கேள்வி நேரத்தில் பார்வையாளர் மைக் வரும்வரை பேசக் கூடாது என்பதைத் தொகுப்பாளர்தான் கறாராகச் சொல்ல வேண்டும்.

தொடக்க விழா பற்றி ஒரு பத்தி போதும். ‘தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அனைவரும் எழுந்து நிற்கவும்’ என்று வழக்கம்போல் அறிவித்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 அரசாணையிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு எழுந்து நிற்பதிலிருந்து விலக்கு எழுதியிருக்கிறது. இந்த அரங்கிலாவது ‘நிற்க இயன்றவர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். மூடிய வரவேற்புக் கூடத்தில் பறை முழங்கியது. கலைஞர்கள் அருமை, இடம் தவறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கான அமைதி அறை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. பத்து மணி முதல் பதினொன்றரை வரை அதில் விஐபிகள் காபி குடித்தார்கள்.

இவ்வளவு திட்டிய பிறகும் அமர்வுகளுக்கு நாலரை கொடுத்ததற்குக் காரணம் உண்டு. சட்ட அமர்வில் வெறும் வாழ்த்துரை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இங்கே 89-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம் என்பதை வைத்து மனு எழுதுவது எப்படி என்று காட்டினார்கள். பொது இடங்களின் அணுகல் பற்றிய ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் விளக்கிக் கேட்பது அரிது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 15-ஆவது, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைபோல் ஆக்கிவிட்டது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி விருப்பம் என்கிறது. அதனால் விதி சட்டத்துக்கு முரண், மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதே நேரத்தில் பக்கத்திலேயே எட்டடி ராம்ப் நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யூடிஐடி உதவி மேசை இரண்டு நாளும் நிரம்பி வழிந்தது. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, நாற்பதிலிருந்து எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் நீலம் என்ற அட்டை நிறங்களில் தொடங்கி, விண்ணப்பம் ஏன் திரும்புகிறது என்பதுவரை உட்கார வைத்துப் பார்த்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் திரும்புவதற்குப் பெரிய காரணம் இனிஷியல்தான். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, மருத்துவச் சான்றில் பெயருக்கு முன்னால் புள்ளியோடு, ரேஷன் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு அதில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் நிரப்புங்கள் என்ற ஒரு வரி ஆலோசனைக்காகவே வந்த செலவு சரியாகிவிட்டது என்று சொன்ன பெற்றோர் பலர்.

பதினெட்டு வயதுக்குப் பிறகான சட்டப் பாதுகாவலர் அமர்வும் அப்படியே. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் பொருந்தும். விண்ணப்பம் ஆட்சியர் தலைமையிலான ‘லோக்கல் லெவல் கமிட்டி’ என்ற உள்ளூர் குழுவுக்குப் போகும். பிள்ளை வங்கிக் கணக்கு தொடங்கப் போகும்போது ஓடாமல், பதினெட்டு முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். ஒரே குறை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய இந்த அமர்வில் அவர்களில் ஒருவருக்குக்கூட மைக் போகவில்லை. எளிய வாக்கியமும் படமுமாக ஒரு பக்கக் குறிப்புகூட அவர்களுக்குத் தரப்படவில்லை.

சக்கர நாற்காலி பொருத்தும் பயிற்சி கைவேலை. முகாம்களில் எல்லோருக்கும் பதினெட்டு அங்குல இருக்கை கிடைக்கிறது. உட்கார்ந்த நிலையில் இடுப்பை அளந்து, ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாமல் இருக்கை அகலம் எடுக்க வேண்டும். அகலம் கூடினால் உடல் ஒருபக்கம் சாய்ந்து முதுகு வளையும், சக்கரம் எட்டாமல் தோள்மூட்டு தேயும். கால்மிதி தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே. மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, இருப்பெலும்பு கையில் குத்தினால் மெத்தை போதாது என்று அர்த்தம், புண் வரும். பங்கேற்றவர்களையே அளக்க வைத்தார்கள். ஸ்டால்களில் இருந்தவர்களும் இதில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பளபளப்பான மின்சார நாற்காலிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஓட்டிப் பார்க்க ஒரு சின்னத் தடம்கூட விடவில்லை.

இப்போது சாப்பாடு. முதல் நாள் பஃபே. பாத்திரங்களின் விளிம்பு கிட்டத்தட்ட நான்கடி உயரத்தில். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எவர்சில்வர் மூடியும் ஆவியும்தான் தெரியும். கொதிக்கும் சாம்பார் தட்டை மடியில் வைத்துத்தான் நகர வேண்டும். இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாதவருக்குச் சிந்தினாலும் தெரியாது, மாலையில் கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். பார்வையற்றவருக்கு ஒரு கையில் கோல், ஒரு கையில் தட்டு, பரிமாற மூன்றாவது கை இல்லை. காது கேளாதோர் பேசுவதே கையால். நின்றபடி தட்டைப் பிடித்தால் உணவு நேரம் முழுக்க அவர்கள் ஊமையாக்கப்படுகிறார்கள். ஒரே ஏற்பாடு மூன்று தரப்பையும் ஒரே நேரத்தில் முடக்கிய அழகு அது.

அன்று மாலை கேட்டரிங்காரரிடம் பேசி, மறுநாள் கூடத்தின் பாதியைப் பந்தியாக மாற்றினார்கள். மேசை, இலை, பரிமாற ஆள். மூன்று தரப்பின் சிக்கலும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. தட்டைத் தூக்க வேண்டாம், வரிசை வேண்டாம், கை காலி. பார்வையற்றவருக்கு இலையைவிட நல்ல வரைபடம் கிடையாது: நுனி இடப்பக்கம், மேல் பாதியில் உப்பும் ஊறுகாயும் கூட்டு பொரியலும், கீழ்ப் பாதியில் சோறு. சிறு வயதிலிருந்து கைக்குப் பழகிய இடங்கள். பரிமாறுகிறவர் ‘அவியல் வைக்கிறேன்’ என்று வாயால் சொல்லிவிட்டு வைத்தால் போதும். ரசத்தை இலையில் ஊற்றாமல் டம்ளரில் கொடுத்தது நல்ல யோசனை.

இதிலும் இரண்டு திருத்தம். மடக்கு மேசைகளின் குறுக்குச் சட்டம் முழங்காலில் இடிக்கிறது. சட்டம் இல்லாத பக்கத்தைப் பார்த்து நாற்காலிகளை எடுத்துவிட வேண்டும், அதுவும் ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும், சக்கர நாற்காலிக்காரர் நண்பர்களோடு உட்கார. அடுத்து, கல்யாணப் பந்திபோல் எல்லோரையும் ஒரே திசையில் உட்கார வைத்தால் காது கேளாதோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அவர்களுக்கு எதிரெதிரே இலை போட வேண்டும்.

கட்டணத்தில் ஒரு மனத்தாங்கல். உதவியாளருக்கும் முழுக் கட்டணம் வாங்கினார்கள். சாப்பாட்டுச் செலவை மட்டும் வாங்கியிருந்தால் புரிந்துகொள்ளலாம். அவர் மாநாடு கேட்க வரவில்லை, வேலைக்கு வந்திருக்கிறார். பதிவுப் படிவத்தில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் கேட்டார்கள், என்ன வசதி வேண்டும் என்று கேட்கவில்லை. அறுபது சதவீதம் என்ற எண்ணை வைத்து எத்தனை பெயர்ப்பாளரை அமர்த்த முடியும்?

கருத்துப் படிவம் நிறைவு விழாவில், இருபது நொடி திரையில் நின்ற க்யூஆர் கோடாக வந்தது. உள்ளே ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டம் போடும் கட்ட அட்டவணை. திரைவாசிப்பானில் எந்த வட்டம் எந்தக் கேள்விக்கு என்று பிரித்தறிவதே பெரும்பாடு. விருந்தோம்பல், மேடை அலங்காரம், நினைவுப்பரிசு எல்லாவற்றுக்கும் கேள்வி இருந்தது. ராம்ப், கழிப்பறை, பெயர்ப்பாளர், கோப்புகள் பற்றி ஒன்றும் இல்லை. முதல் நாள் மாலையிலேயே, குரல் பதிவாகவும் சைகைக் காணொளியாகவும் அனுப்பலாம் என்று ஒரு வாட்ஸாப் எண் கொடுத்திருந்தால் சாப்பாடுபோல் இன்னும் நாலு விஷயம் மறுநாளே திருந்தியிருக்கும்.

அடுத்த ஆண்டு பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: இணை அமர்வு உண்டா, உண்டென்றால் எத்தனை பெயர்ப்பாளர்; கோப்புகள் எத்தனை நாள் முன்னால், யூனிகோடிலா; சக்கர நாற்காலிக் கழிப்பறை எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும்; உதவியாளருக்குக் கட்டணமா; மதியம் பந்தியா பஃபேயா. மேடைக்கு ராம்ப் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள், ‘இருக்கு சார்’ என்றுதான் பதில் வரும். மேடை எத்தனை அடி உயரம், ராம்ப் எத்தனை அடி நீளம் என்று கேட்டு, இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.